கூரை வேலைக்கு யாரை நம்புவது?



வீட்டில் எந்த இடம் ஒழுகுகிறது என்பது ஆண்களுக்குத் தெரிய முன்னரே பெண்களுக்குத் தெரிந்துவிடுகிறது. நடுச்சாமத்தில் மழை பிடித்தால் எழும்பிப் பேசனையும் சட்டியையும் வைப்பவர்கள் நீங்கள்தான். பிள்ளைகளின் பாயை ஓரத்துக்கு இழுப்பவர்களும், அலுமாரிக்குப் பின்னால் சுவர் பொருமியிருப்பதை முதலில் காண்பவர்களும் நீங்கள்தான். ஆனால் அந்தக் கூரையைத் திருத்த ஆள் பிடிப்பது என்று வந்ததும், "அது ஆம்பிளைகளின் வேலை" என்று ஒதுங்கிவிடுகிறீர்கள். கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருந்தால், யாரோ ஒருவர் கூட்டி வந்து காட்டுகிற பாஸின் கையில் சல்லியைக் கொடுத்துவிட்டு, நன்றாக முடிய வேண்டும் என்று துஆச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

துஆ நல்லதுதான். ஆனால் அந்தச் சல்லி எப்படிச் சேர்ந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். சீட்டுப் பிடித்தது, வளையலை விற்றது, வெயிலில் நின்று உழைத்து ஒருவர் மாதாமாதம் அனுப்பியது. அது உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை யார் கையில் கொடுப்பது என்று விசாரித்து அறிவதும் அந்த அமானிதத்தைப் பேணுவதில் ஒரு பங்கு.

ஒரு பெண் சொன்ன அளவுகோல்

வேலைக்கு ஆள் அமர்த்துவதற்கான அளவுகோலை அல்குர்ஆன் ஒரு பெண்ணின் வாயிலாகவே நமக்குச் சொல்லித் தருகிறது. ஸூரத்துல் கஸஸில் வரும் அந்தச் சம்பவம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மத்யன் நகரின் நீர்த்துறையில் ஆட்டு மந்தையோடு ஒதுங்கி நின்ற இரு சகோதரிகளுக்கு மூஸா (அலை) அவர்கள் நீர் இறைத்துக் கொடுத்தார்கள். பிறகு அந்தப் பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம், இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கூறி, அதற்குக் காரணமாக இரண்டு தகுதிகளை எடுத்துரைத்தார். ஒன்று வல்லமை, மற்றது நம்பகத்தன்மை.

அந்தப் பெண் வெறும் பேச்சுக்காக இதைச் சொல்லவில்லை. மூஸா (அலை) அவர்களின் வல்லமையைக் கிணற்றடியில் கண்ணால் கண்டார். வீட்டுக்கு அழைத்து வரும் வழியில் அவர்கள் நடந்துகொண்ட முறையிலிருந்து நம்பகத்தன்மையை அறிந்தார் என்று தப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குகிறார்கள். ஆக, தகுதி இரண்டு. அவ்விரண்டுக்கும் கண்ட ஆதாரம் வேண்டும். நம்மில் பலர் ஒன்றை மட்டும் பார்க்கிறோம். சிலர் அந்த ஒன்றையும் பார்ப்பதில்லை. அப்படிப் பார்க்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

எங்கள் வீடு மாவனல்லைப் பக்கம். முன்பகுதி பழைய ஓட்டுக் கூரை. பின்னால் குசினியும் ஓர் அறையும் பின்னர் சேர்த்துக் கட்டியவை. 2016 மார்ச் மாதம் கூரையைப் பிரித்து வேய வேண்டிய நிலை வந்தது. பள்ளிவாசலில் எப்போதும் முதல் ஸஃப்பில் நிற்கும் ஒரு பாஸிடம் பேசினேன். அயல் வீட்டு மதிலை அவர் கட்டியதைப் பார்த்திருந்தேன். கூரை வேலை செய்திருக்கிறாரா என்று நான் கேட்கவேயில்லை. மொத்தக் கூலியில் பாதியை முற்பணமாகக் கேட்டார். கொடுத்தேன்.

அன்றிரவு என் மனைவி, "இதை ஒரு கடுதாசியில எழுதி எடுத்தா என்ன?" என்று கேட்டார்.

"ஒரே ஸஃப்பில் நிற்கிற மனிசரிடம் கடுதாசியை நீட்டினால் அவர் மனம் என்ன நினைக்கும்?" என்றேன் நான். கடனை எழுதிக்கொள்ளுமாறு கூறும் ஆயத்தை வருடாவருடம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன்தான் அப்படிச் சொன்னேன்.

பத்து நாள் வேலை ஏப்ரல் மாதம் வரை இழுபட்டது. புது மரமும் அந்தத் தொகைக்குள் அடங்கும் என்று நான் நினைத்திருந்தேன். ஓடு மட்டும்தான் பேச்சு என்று அவர் நினைத்திருந்தார். இருவரும் பொய் சொல்லவில்லை, இருவரும் எழுதவில்லை. கடைசியில் உளுத்துப்போன பழைய சிலாகைகளின் மேலேயே புது ஓடு ஏறியது.

மே மாதம் அடைமழை தொடங்கியது. அந்த மாதம் 17ஆம் திகதி எங்களுக்குப் பக்கத்திலுள்ள அரநாயக்கவில் மலை சரிந்து எத்தனையோ குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. வீடு வாசலோடு உயிரையே இழந்தவர்களுக்கு முன்னால் எங்கள் ஒழுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் பழைய கூரையும் புதிய கூரையும் சந்திக்கும் பள்ளத்தால் இறங்கிய தண்ணீர் என் கிதாபுகள் இருந்த அலுமாரிக்குள் போயிற்று. மேலே ஏறிப் பார்த்தால், அந்தப் பள்ளத்தில் தகடு போடாமல் சீமெந்துக் கலவையால் பூசியிருந்தார்கள். அது வெடித்து வாய் பிளந்திருந்தது.

இன்னொன்றும் நடந்தது. அந்த பாஸிடம் கைவேலை செய்த இரண்டு இளைஞர்கள் வாசலில் வந்து நின்றார்கள். மூன்று நாள் கூலி தங்களுக்கு இன்னும் வரவில்லை என்றார்கள். என் மனைவி தன் கைச்சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை.

பிறகு அந்த பாஸைச் சந்தித்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஹஸ்ரத், நான் சுவர் வேலைக்காரன். நீங்க வந்து கேட்டதும் ஏலாதுன்னு சொல்ல வெட்கமா இருந்திச்சு" என்றார். அவருக்கு மறுக்க வெட்கம். எனக்குக் கேட்க வெட்கம். இரண்டு வெட்கங்களுக்கும் நடுவே கூரை ஒழுகியது.

தொழுகையைக் கண்டோம், கொடுக்கல் வாங்கலைக் கண்டோமா?

உமர் (ரழி) அவர்களைப் பற்றி ஒரு செய்தி நூல்களில் பதிவாகியுள்ளது. ஒருவருக்காக இன்னொருவர் நற்சாட்சி சொல்ல முன்வந்தார். அவரிடம் உமர் (ரழி) மூன்று விடயங்களைக் கேட்டார்கள். நீ அவருக்கு அயலவனா? அவரோடு பயணம் செய்திருக்கிறாயா? அவரோடு பணக் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறாயா? மூன்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. அப்படியானால் பள்ளிவாசலில் அவர் தொழுவதைக் கண்டிருப்பாய், அவரை நீ அறிந்தவனல்ல என்று கூறி அந்தச் சாட்சியத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள்.

தொழுகையின் சிறப்பைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. தொழுகையாளியைப் பற்றி நல்லெண்ணம் வைப்பது நம் கடமை. ஆனால் நல்லெண்ணம் வேறு, வேலையை ஒப்படைப்பது வேறு. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் புறப்பட்டபோது வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திக்கொண்டது அப்போது இஸ்லாத்தைத் தழுவியிராத அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரைத்தான். பாதை அவருக்குத் தெரியும், அவர் நம்பிக்கைக்குரியவர். இந்த இரண்டையும் பார்த்தே ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழித்து தவ்ர் குகைக்கு வருமாறு சொன்னார்கள்.

விசாரிப்பது எப்படி?

ஒருவர் நல்லவர் என்று பத்துப் பேர் சொல்வதைவிட, அவர் வேய்ந்த மூன்று கூரைகளைப் பார்ப்பது மேல். அதிலும் போன மாதம் முடித்த கூரையை மட்டும் பார்க்காதீர்கள். குறைந்தது இரண்டு மழைக்காலங்களைக் கண்ட கூரையைப் பாருங்கள். இந்த விசாரணைக்கு உங்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. அந்த வீட்டுப் பெண்களிடம் நீங்களே போய்க் கேட்கலாம். மழைக்கு ஒழுகிற்றா? சொன்ன தொகைக்கு மேல் கேட்டாரா? பிழை வந்தபோது கூப்பிட்டதும் வந்தாரா? வேலையாட்களுக்கு ஒழுங்காகக் கூலி கொடுத்தாரா? இவற்றில் மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. பிழை எவருக்கும் வரும். திரும்பி வருபவர்தான் அமானிதமுள்ளவர்.

வல்லமையை அறிய வேறு வழிகளும் உண்டு. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெற்ற தொழிலாளர்கள் இப்போது நம் ஊர்களில் இருக்கிறார்கள். பெரிய வேலையாயின், 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்த கொந்தராத்துக்காரரா என்றும் கேட்கலாம். சான்றிதழ் இல்லாத நல்ல பாஸ்மாரும் இருக்கிறார்கள். எனவே சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்த வேலையைப் பார்ப்பதை விடாதீர்கள்.

இன்னோர் அடையாளமும் உண்டு. மேலே ஏறிப் பார்க்காமல் முற்றத்தில் நின்றபடியே தொகை சொல்பவரை நம்பாதீர்கள். கீழே ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்பதில்லை. எங்கோ மேலே நுழையும் தண்ணீர் கைமரம் வழியே ஓடி வந்து வேறோர் இடத்தில் சொட்டும். வேலை தெரிந்தவர் மேலே ஏறுவார், ஓட்டைக் கிளப்பிப் பார்ப்பார், கைமரத்தைக் குத்திப் பார்ப்பார், கறையான் உண்டா என்று தேடுவார். அதன் பிறகே தொகை பேசுவார்.

எழுதுவது அவநம்பிக்கை அல்ல

அல்குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத், ஸூரத்துல் பகராவின் 282ஆவது ஆயத். அது தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. தவணையிட்ட கடனை எழுதிச் சாட்சி வைப்பது பற்றியது. தொகை சிறிதென்றோ பெரிதென்றோ பார்த்து எழுதுவதில் சலிப்படைய வேண்டாம் என்றும் அதில் அறிவுறுத்தப்படுகிறது. இது விரும்பத்தக்க கட்டளை என்றே பெரும்பாலான இமாம்கள் விளக்குகிறார்கள். அது முஃமின்களை விளித்துச் சொல்லப்பட்டது என்பதைக் கவனியுங்கள். ஒருவரையொருவர் நம்புகிறவர்களுக்கே இந்த அறிவுரை. எழுத்து என்பது நட்பைக் காக்கும் வேலி.

வேலைக்கு அமர்த்துவதில் நம் பிக்ஹ் நூல்கள் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டுகின்றன. ஒன்று காலத்துக்குக் கூலி; அதுதான் நாட்கூலி. மற்றது வேலைக்குக் கூலி, அதுதான் கொந்தராத்து. எது என்று முதலில் தெளிவாக்குங்கள். நாட்கூலி என்றால் வேலை இழுபடாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு. கொந்தராத்து என்றால் அவசரத்தில் தரம் குறையாமல் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியில் ஒரு தாள் போதும். அதில் இவை இருக்கட்டும்:

கூரை எத்தனை சதுரம் என்பது. ஒரு சதுரம் என்றால் 100 சதுர அடி.

என்ன ஓடு அல்லது என்ன தகடு. பழையதில் எவ்வளவு மீண்டும் பாவிக்கப்படும்.

கைமரமும் சிலாகையும் புதிதா பழையதா. புதிதென்றால் என்ன மரம், என்ன அளவு.

முகட்டு ஓடு, பீலி, கூரைகள் சந்திக்கும் பள்ளத்துக்கான தகடு, சுவரோடு கூரை சேரும் இடம் ஆகியவை தொகைக்குள் அடங்குமா என்பது. பிணக்குகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன.

பொருட்களை யார் வாங்குவது, மிச்சமானவை யாருக்கு.

தொடங்கும் நாள், முடிக்கும் நாள், இடையில் மழை வந்தால் கூரையை மூடும் படங்கு யாருடையது.

மேலதிக வேலை வந்தால், செய்யுமுன் தொகை பேச வேண்டும் என்பது.

இருவரும் ஒப்பமிட்டு, சாட்சிக்கு இருவரை வைத்து, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் தூரத்தில் இருந்தால் கைபேசியில் படம் எடுத்து அனுப்புங்கள். பேச்சுவார்த்தையின்போது வாப்பாவோ நானாவோ தம்பியோ கூட இருக்கட்டும். வேலை நடக்கும் நாட்களிலும் வீட்டில் தனியாக இருக்காமல் உம்மாவையோ மாமியையோ கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேள்வியை நீங்களே கேளுங்கள். தன் சொத்தில் உடன்படிக்கை செய்யும் உரிமை பெண்ணுக்கு மார்க்கத்தில் பூரணமாக உண்டு.

சல்லியும் கண்காணிப்பும்

பாதித் தொகையை முதலிலேயே கொடுத்த என் தவறை நீங்கள் செய்ய வேண்டாம். முடிந்தவரை பொருட்களை ஹாட்வெயார் கடையில் உங்கள் பெயரில் பில் போட்டு நீங்களே வாங்குங்கள். கூலியை வேலையின் படிகளுக்கு ஏற்பப் பிரியுங்கள். பழையதைப் பிரித்து மரவேலை முடிந்ததும் ஒரு பங்கு, ஓடு ஏறியதும் ஒரு பங்கு, முதல் பெருமழைக்குப் பிறகு ஒரு சிறு பங்கு. அந்தக் கடைசிப் பங்கையும் அதைக் கொடுக்கும் கடைசித் திகதியையும் தொடக்கத்திலேயே பேசி எழுதியிருக்க வேண்டும். பேசாத ஒன்றை வேலை முடிந்த பிறகு பிடித்து வைப்பது அநியாயம்.

ஓடு ஏறுமுன் மரத்தைப் பாருங்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். கூரை வேலையிலும் மறைக்கக் கூடியதெல்லாம் ஓட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. மூடிய பிறகு பார்க்க முடியாது. தகடு என்றால், ஆணித் துளை அலையின் மேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளத்தில் துளையிட்டால் தண்ணீர் அங்கேதான் இறங்கும்.

வேலை முடிந்ததும் பகலில் கூரைக்குக் கீழே நின்று அறையை இருட்டாக்கி மேலே பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அதைக் குறித்து வையுங்கள். பிறகு குழாய்த் தண்ணீரைக் கூரையின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே பாய்ச்சச் சொல்லுங்கள். எங்கே பாய்ச்சும்போது கீழே ஈரம் வருகிறதோ, பிழை அங்கே.

அஸ்பெஸ்டஸ் தகடு உள்ள வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் நுண்ணிய தூசி சுவாசப்பையில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. எந்த வகை அஸ்பெஸ்டஸும் இதற்கு விலக்கல்ல என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலைப்பாடு. பழைய தகட்டை உலர்ந்த நிலையில் வாளால் அறுக்கவோ உடைக்கவோ கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டவோ விடாதீர்கள். நனைத்து, முழுதாகவே இறக்கச் சொல்லுங்கள். விழுந்த தூசியைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். உடைந்த துண்டுகளைக் கோழிக்கூட்டுக்கென்று எடுத்து வைக்கவும் வேண்டாம்.

கண்காணிப்பது நம்பாமையின் அடையாளமா என்று சிலர் கேட்கலாம். அன்னை கதீஜா (ரழி) அவர்களின் முன்மாதிரி இருக்கிறது. நபியாக அனுப்பப்படுவதற்கு முன்னர் நாயகம் (ஸல்) அவர்களின் உண்மையையும் நேர்மையையும் கேள்விப்பட்டே தம் வியாபாரப் பொருட்களை ஒப்படைத்து ஷாமுக்கு அனுப்பினார்கள். அப்போதும் தம் பணியாளர் மைஸராவைக் கூடவே அனுப்பினார்கள். மைஸரா திரும்பி வந்து சொன்ன செய்தி அந்த நம்பிக்கையை இன்னும் உறுதியாக்கியது. உண்மையானவருக்குக் கண்காணிப்பால் இழப்பு எதுவுமில்லை.

நம்முடைய பங்கு

அமானிதம் வேலைக்காரருக்கு மட்டும் உரியதல்ல. முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவருக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற கருத்தில் ஹதீஸ் குத்ஸி உண்டு. வியர்வை காயுமுன் கூலி கொடுக்கும்படி நபிமொழி உண்டு. கொந்தராத்துக்காரரோடு பேசிவிட்டோம், அவருடைய ஆட்கள் அவர் பாடு என்று இருந்துவிடாமல், "தம்பி, நேற்றுக் கூலி கிடைத்ததா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நனைந்த ஓட்டின் மேல் அவசரப்படுத்தி ஏற்றாதீர்கள். விழுந்தால் போவது ஒரு குடும்பத்தின் உழைப்பு. மின்கம்பி கூரையைத் தொடும் இடம் இருந்தால் வேலை தொடங்குமுன் காட்டிக் கொடுங்கள்.

பிணக்கு வந்தால் ஊரெல்லாம் பேசி ஒருவரின் மானத்தைக் கெடுக்க வேண்டாம். எழுதிய தாளோடு பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போகலாம். அங்கும் தீராவிட்டால், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. ஆனால் ஒருவர் வந்து உங்களிடம் விசாரித்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆலோசனை கேட்பவருக்கு உண்மையைச் சொல்வது புறமாகாது என்பது உலமாக்களின் விளக்கம்.

எங்கள் கூரையை அதே வருடம் மீண்டும் பிரித்தோம். இம்முறை ஆளைத் தேடியது என் மனைவி. நான்கு வீடுகளில் விசாரித்தார். அடுத்த கிராமத்திலுள்ள ஒரு வயதான சிங்கள பாஸின் பெயரை மூன்று வீடுகளில் சொன்னார்கள். அவர் வந்ததும் தேநீரைக்கூடத் தொடாமல் ஏணியைக் கேட்டார். இறங்கி வந்து, நாங்கள் கேட்குமுன்னரே கொப்பியும் பேனையும் கேட்டார். பேசியபடி வேலை முடிந்தது. முதல் மழை பெய்த மறுநாள் காலையில், கடைசிப் பங்கை வாங்க வருமுன், ஒழுகியதா என்று பார்க்க வந்தார். ஓரிடத்தில் சிறிது ஈரம் இருந்தது. ஏறி அதைச் சரிசெய்துவிட்டுத்தான் சல்லியை வாங்கினார்.

முதல் பாஸும் நானும் இன்றும் ஒரே ஸஃப்பில்தான் நிற்கிறோம். தராத வேலைக்கான சல்லியில் ஒரு பகுதியை அவர் சிறுகச் சிறுகத் திருப்பித் தந்தார். மீதியை நான் விட்டுக்கொடுத்தேன். கூரை வேலைக்கு யாராவது கூப்பிட்டால், "அது எனக்குச் சரிவராது" என்று இப்போது அவரே சொல்லிவிடுகிறாராம்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த மழைக்கு முன் ஏணியோடு ஒருவர் உங்கள் வாசலில் வந்து நிற்கும்போது ஒதுங்கி நிற்காதீர்கள். மத்யனின் அந்தப் பெண்ணைப் போல வல்லமையையும் பாருங்கள், நம்பகத்தன்மையையும் பாருங்கள். பேசியதை எழுதுங்கள், எழுதியதைக் கொடுங்கள். நம் வீடுகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.